புதுப்பிப்பு: ஐபனெஸா, எபிஃபோன் லெஸ் பாலா? வாங்கியாச்சு

ராக் வாசிக்க எலக்ட்ரிக் கிடார்களில் ஐபனெஸ் ஜிஆர்ஜி170டிஎக்ஸ் நல்லதா, எபிஃபோன் லெஸ் பால் நல்லதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஐபனெஸ் வாங்கிவிட்டேன்.

கைகொடுத்தது காட்பாடி அண்ணன் சொன்ன யோசனைதான்: "ஆம்ப்ல (ஒலிபெருக்கியில) போடறதுக்கு முன்னாடி, பெல்ட் மாட்டி நின்னு வாசிச்சுப் பாரு." சென்னையில் கடையில் அப்படியே செய்தேன். லெஸ் பாலின் ஒலி கனம், உடம்பும் கனம். சீக்கிரமே தோள் வலித்தது. ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) 24.75 அங்குலம்தான் என்பதால் தந்தியை வளைப்பது அதில் சுலபம், மறுக்கவில்லை. ஐபனெஸில் 25.5. ஆனால் கழுத்து மெல்லியது, 24 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), மேலே விரல் தாராளமாகப் போகிறது. விலையும் குறைவு. மிச்சமான பணத்தில் செட்டப் செய்து தந்தி உயரத்தை இறக்கிய பிறகுதான் நிஜமாகவே கைக்கு வசமானது.

யாரும் சொல்லாத ஒன்று: வேலூர் வெயில். மாடி அறையில் மரம் காய்ந்து சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறின. மெல்லிய அரத்தால் தேய்த்ததும் சரியாகிவிட்டது. இப்போது பெட்டியில்தான் வைக்கிறேன்.

அப்புறம், டிராப் டி (ஆறாம் தந்தியை மட்டும் டி சுருதிக்கு இறக்குவது) வாசிப்பவர்கள் கவனிக்க: இதில் ட்ரெமலோ (தந்திகளைத் தாங்கும் பாலத்தைக் கைப்பிடியால் அசைக்கும் அமைப்பு) இருப்பதால் ஆறாம் தந்தியை இறக்கினால் ஸ்பிரிங் பாலத்தைப் பின்னால் இழுத்து மற்ற தந்திகளின் சுருதி ஏறிவிடுகிறது. பின்பக்கக் குழியில் ஒரு மரத்துண்டைச் செருகிப் பாலத்தை அசையாமல் நிறுத்தினேன். லெஸ் பாலில் இந்தத் தொல்லையே கிடையாது.