பிரமிளா ஜெயபால்: குரல் பெரிது, சட்டம் எங்கே?

கணக்கன்:
சென்னையில் பிறந்தவர் என்பதால் பிரமிளா ஜெயபாலை நம்மூர் ஊடகங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகின்றன. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு, சியாட்டிலின் பெரும்பகுதி அடங்கிய வாஷிங்டன் மாநில 7ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சி சார்பில் 2016இல் முதன்முதலில் ஜெயித்தார். இடதுசாரி எம்.பி.க்களின் முற்போக்குக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். சரி, பலன்? முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை எல்லோருக்கும் விரிக்கும் 'அனைவருக்கும் மெடிகேர்' மசோதாவை 2019 தொடங்கி ஒவ்வொரு காங்கிரஸிலும் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஈராண்டுக் காலம்) கொண்டுவருகிறார், ஒருமுறைகூட சபையில் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அமேசானைக் கட்டுப்படுத்தும் மசோதா குழுவைத் தாண்டி நின்றுபோனது. கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டையும் 2021 நவம்பர் 5 இரவு கீழே போட்டார். இதைச் சாதனை என்று யாராவது நிரூபியுங்கள்.

மேகலை:
பெயர் போட்ட சட்டத்தை எண்ணுவது தப்புக் கணக்கு. இரண்டாண்டுக் காங்கிரஸ் ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் தாக்கலாகின்றன, சட்டமாவது சில நூறு. அதிலும் பல, தபால் நிலையத்துக்குப் பெயர் சூட்டுபவை. அந்தக் கணக்கில் ஜெயிக்க வேண்டுமானால் நாலு தபால் நிலையம் போதும்!

அவர் வந்த வழியையும் பாருங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்கள், அரபியர், சீக்கியர் மீது வெறுப்பு பாய்ந்தபோது ஹேட் ஃப்ரீ சோன் அமைப்பைத் தொடங்கினார். அதுதான் பின்னால் ஒன்அமெரிக்கா ஆனது. 2014இல் சியாட்டில் 15 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தை வடிவமைத்த மேயரின் ஆலோசனைக் குழுவில் இருந்தார். அதற்கு அப்புறம்தான் மாநில செனட், பிறகு வாஷிங்டன் டி.சி. வெளியிலிருந்து நெருக்கியே பழக்கப்பட்டவர். உள்ளே போயும் அதைத்தான் செய்தார்.

மெடிகேர் மசோதா வெறும் கோஷமும் அல்ல. 2019 வரைவின்படி முதல் ஆண்டிலேயே 19 வயதுக்குக் கீழும் 55க்கு மேலும் உள்ளவர்கள் சேர்வார்கள், இரண்டாம் ஆண்டில் எல்லோரும். இதே யோசனைக்கு செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் மேலவையான செனட்டில் வைத்த வரைவுக்கு நான்கு ஆண்டு தேவை. பல், கண், நீண்டகாலப் பராமரிப்பு எல்லாம் உள்ளே. மருத்துவமனைக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனி பில் போட்டுப் பணம் தராமல், ஆண்டு முழுமைக்கும் மொத்தத் தொகை ஒதுக்கும் முறையும் அதில் உண்டு. செலவைப் பிடிக்கும் கடிவாளம் அந்த ஒதுக்கீடுதான். 2019 ஏப்ரலில் விதிகள் குழு இதற்கு விசாரணை நடத்தியது, அதற்கு முன் காங்கிரஸில் இந்த யோசனைக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

கணக்கன்:
விசாரணை நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். எங்கே நடந்தது? வரி போடும் வழிவகைக் குழுவில் அல்ல, விதிகள் குழுவில். காரணம் எளிது: மசோதாவில் பணம் எங்கிருந்து வரும் என்ற பகுதியே கிடையாது. அதை எழுதினால் ஆதரவுக் கையெழுத்து போட்ட நூற்றுச் சொச்சம் பேரில் பாதிப் பேர் பேனாவை மூடிவிடுவார்கள். இரண்டே ஆண்டில் தனியார் காப்பீடு முழுவதையும் மாற்றுவது என்பதற்கு நிர்வாக ஏற்பாடும் போதாது.

நவம்பர் 5க்கு வாருங்கள். அங்கேதான் விஷயம்.

மேகலை:
வருகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். 2021இல் இரண்டு மசோதாக்கள். ஒன்று சாலை, பாலம், ரயில் எல்லாம் அடங்கிய 1.2 லட்சம் கோடி டாலர் உள்கட்டமைப்பு மசோதா. ஆகஸ்ட் 10இல் செனட்டில் 69–30 என்று நிறைவேறியது. மற்றொன்று குழந்தைப் பராமரிப்பு, காலநிலை, மருந்து விலை அடங்கிய சமூகச் செலவு மசோதா. 3.5 லட்சம் கோடியில் தொடங்கி 1.75 லட்சம் கோடிக்குச் சுருங்கியது. முதலாவது மிதவாதிகளுக்கு வேண்டும், இரண்டாவது முற்போக்காளர்களுக்கு வேண்டும். முதலாவது தனியாகப் போய்விட்டால் இரண்டாவதைச் சீண்ட ஆள் இருக்காது. ஆகவே இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். அப்போதைய சபாநாயகர் பெலோசி செப்டம்பர் இறுதியில் வாக்கெடுப்பு வைக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்டோபர் 28இல் மறுபடியும், அப்போதும் முடியவில்லை.

இந்தப் பிடி சும்மா வரவில்லை. 2020 கடைசியில் முற்போக்குக் குழுவின் விதிகளை மாற்றினார்கள். இரட்டைத் தலைமை போய் ஒற்றைத் தலைமை வந்தது, மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்ற நிலைப்பாட்டுக்கு உறுப்பினர்கள் கட்டுப்பட வேண்டும் என்றானது. அதற்கு முன் அந்தக் குழு பேருக்குத்தான் குழு.

கணக்கன்:
அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பிடியை விட்டு, நவம்பர் 5இல் உள்கட்டமைப்பு மசோதாவை எதற்காகத் தனியாகப் போக விட்டார்? மிதவாதிகள் ஐந்து பேர் கொடுத்த ஒரு அறிக்கைக்காக. பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு வந்ததும் சமூகச் செலவு மசோதாவுக்கு வாக்களிப்போம் என்றார்கள். சபையைப் பொறுத்தவரை அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், நவம்பர் 19இல் 220–213. ஆனால் சிக்கல் சபையில் இல்லையே! செனட்டில் இருந்தது. அங்கே எவர் வாக்கு இல்லாமல் மசோதா தேறாதோ, அந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்ச்சின் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர் 19இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து "முடியாது" என்று சொல்லி முடித்துவிட்டார். அந்த மசோதா நீட்டித்திருக்கக்கூடிய, ஆறு வயதுக்குக் கீழான குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 3,000 டாலர் என்ற வரிச்சலுகையின் மாதத் தவணை அந்த டிசம்பரோடு நின்றது.

ஜாமீன் கொடுத்தவன் ஒருத்தன், கடன்காரன் இன்னொருத்தன். இதைக் கவனிக்காமல் பத்திரத்தை எப்படித் திருப்பிக் கொடுத்தார்?

மேகலை:
மான்ச்சினிடம் நேரடி உத்தரவாதம் இல்லாதது ஓட்டைதான். பைடன் 50 செனட் வாக்குகளைக் கொண்டுவருவதாக உறுதி கூறியதை நம்பினார். ஆனால் பிடித்தே வைத்திருந்தால்? நவம்பர் 2இல் வர்ஜீனியா கவர்னர் தேர்தலில் கட்சி தோற்றிருந்தது. பழி முழுக்க இவர்கள் தலையில் விழ ஆரம்பித்துவிட்டது. மான்ச்சினின் மாநிலமான மேற்கு வர்ஜீனியாவோ, 2020இல் டிரம்ப் ஏறத்தாழ 39 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த இடம். மான்ச்சினுக்குச் சாலை மசோதா வேண்டும் என்பது உண்மை, ஆனால் அது இல்லாமலும் அவரால் காலம் தள்ள முடியும். பிணைக்கைதி வேண்டாம் என்று சொல்பவனிடம் என்ன பேரம்?

கணக்கன்:
நவம்பர் 5 உள்கட்டமைப்பு மசோதாவின் வாக்கெண்ணிக்கையைப் பாருங்கள்: 228–206. ஜனநாயகக் கட்சி வாக்குகள் 215, குடியரசுக் கட்சி வாக்குகள் 13. பெரும்பான்மைக்கு 218. ஒகாசியோ-கோர்டெஸ், ஒமர், பிரெஸ்லி, தலைப், புஷ், போமன் ஆறு பேரும் எதிர்த்தார்கள். அந்த 13 பேர் இல்லாவிட்டால் அன்றிரவு மசோதா தோற்றிருக்கும். அவருடைய குழுவிலேயே ஆறு பேருக்கு ஆபத்து புரிந்திருக்கிறது.

சிங்கைவாசி:
இடையில் ஒன்று. குடியரசுக் கட்சியிலிருந்து வாக்கு வரும் என்று தெரிந்த பிறகு "இல்லை" போடுவது செலவில்லாத வீரம். அதை வைத்துத் தலைவரை எடைபோட முடியாது. அவருடைய அசல் பலவீனம் வெளியுறவு. 2022 அக்டோபர் 24இல் உக்ரைன் போரை முடிக்க ரஷ்யாவுடன் பேசச் சொல்லி 30 பேர் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது, மறுநாளே வாபஸ். கோடையில் எழுதிய கடிதத்தை ஊழியர்கள் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று விளக்கம். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இது நடக்கலாமா? காஷ்மீர் தீர்மானம் வேறு ரகம். 2019 டிசம்பரில் தகவல் தொடர்புத் தடையை நீக்கச் சொல்லிக் கொண்டுவந்தார், பிரமிளா இருப்பார் என்பதற்காக இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அமெரிக்கச் சபையின் வெளியுறவுக் குழுவுடனான சந்திப்பையே ரத்து செய்தார். அதில் தீர்மானத்துக்குத்தான் விளம்பரம்.

மேகலை:
கடிதம் விஷயத்தில் வாதாட ஒன்றுமில்லை. அமேசானை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? நிறுவனத்தின் தலைமையகமே அவர் தொகுதியில். 2020 ஜூலை 29 விசாரணையில் அமேசான் நிறுவனர் பெசோஸிடம் நேராகக் கேட்டார்: உங்கள் தளத்தில் கடை போட்டவர்களின் விற்பனைத் தரவைப் பார்த்துச் சொந்தச் சரக்கு தயாரிக்கிறீர்களா? அதற்கு எதிரான கொள்கை உண்டு, அது மீறப்பட்டதே இல்லை என்று உத்தரவாதம் தர முடியாது என்றார் அவர். ஓராண்டுக்குள் மசோதா வந்தது. 60,000 கோடி டாலர் மதிப்புள்ள, மாதம் 5 கோடி அமெரிக்கர் புழங்கும் தளங்கள், அதே தளத்தில் சொந்தச் சரக்கை விற்கக் கூடாது. எங்கள் கிடங்கைப் பயன்படுத்தினால்தான் முன்வரிசை என்று வியாபாரியை நெருக்கவும் கூடாது. குடியரசுக் கட்சியின் லான்ஸ் கூடனையும் உடன் சேர்த்துக்கொண்டார்.

கணக்கன்:
நீதித்துறைக் குழுவில் 21–20. ஒரே ஒரு வாக்கு. கலிபோர்னியா ஜனநாயகக் கட்சியினரே எதிர்த்த மசோதாவை எந்தத் தலைமை சபைக்கு எடுத்துவரும்? பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அதனோடு வந்த மசோதாத் தொகுப்பில் தேறியது இரண்டு: நிறுவன இணைப்புக்கான கட்டண உயர்வும், மாநிலங்கள் தொடுக்கும் வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு இழுத்தடிக்க முடியாமல் செய்ததும். 2022 டிசம்பர் செலவின மசோதாவோடு ஒட்டிக்கொண்டு போயின. இரண்டும் அவர் எழுதியவை அல்ல.

மேகலை:
2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பேசுங்கள். மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் மாதம் 35 டாலர், மருந்துக்கான கைக்காசுக்கு ஆண்டு வரம்பு (2025இல் 2,000 டாலர்), முதல் சுற்றில் 10 மருந்துகளுக்கு அரசே விலை பேசியது. 2021 இழுபறியில் மருந்து விலையை விடாமல் வைத்திருந்ததன் மிச்சம் இது.

கணக்கன்:
அதை செனட்டின் அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் ஷூமரும் மான்ச்சினும் அறைக்குள் உட்கார்ந்து எழுதினார்கள். முற்போக்குக் குழுவுக்குத் தகவல் ஜூலை கடைசியில் எல்லோரோடும் சேர்ந்துதான் போனது.

மேகலை:
எழுதியவர்கள் அவர்கள். எடுத்த சரக்கு, நவம்பர் 19இல் சபை நிறைவேற்றிய மசோதாவிலிருந்து. இரண்டின் மருந்து விலைப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.