அப்பா அம்மாவை டான்யூப் ஆற்றுக் கப்பலில் கூட்டிப்போகலாமா? போனவர்கள் சொல்லுங்கள்

பவானிக்கரை:

வணக்கம். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. அப்பா பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஆறு இருக்கிறதா, அதில் அணை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். ஐரோப்பா கூட்டிப்போகிறேன் என்று நான் சொல்லி நாலு வருடம் ஓடிவிட்டது. ஆனால் விடியற்காலை பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏறி, ராத்திரி வேறு ஊரில் வேறு ஹோட்டலில் இறங்கும் அந்தப் பத்து நாள் பேக்கேஜ் அவர் முழங்காலுக்குத் தாங்காது.

அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், ஜெர்மனியில் பாஸாவ் என்ற ஊரில் கப்பல் ஏறி வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்பலாம், ஏழு இரவு, பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்தால் போதும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா சைவம், முட்டையும் கிடையாது. ஏழு நாளும் ரொட்டியும் தக்காளியுமாகப் போய்விடுமோ என்று பயம். எந்த மாதம் போகலாம், விசா எந்த நாட்டுக்குப் போடுவது, நிஜமாகவே மெதுவாக, நிம்மதியாக இருக்குமா, இல்லை விளம்பரத்தில் மட்டும்தானா? உண்மையைச் சொல்லுங்கள்.

லின்ஸ் மருமகள்:

நான் ஆஸ்திரியாவில் லின்ஸ் என்ற ஊரில் இருக்கிறேன், டான்யூப் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்தபோது இதே பாஸாவ்–புடாபெஸ்ட் பயணம் போனோம். தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஆனால் சில விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் பாஸாவ். கப்பல் சாயங்காலம்தான் கிளம்பும் என்று மதியம் வந்து இறங்காதீர்கள், முந்தின நாளே வந்துவிடுங்கள். உங்கள் பவானிக் கூடுதுறை மாதிரி பாஸாவிலும் மூன்று ஆறு சேர்கிறது, உங்கள் ஊரில் மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, பாஸாவில் மூன்றும் தெரியும். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் ஆறு பால் கலந்த பச்சை, சதுப்பு நிலத்திலிருந்து வரும் இல்ஸ் கிட்டத்தட்ட கறுப்பு, நடுவில் டான்யூப். கொஞ்ச தூரம் நிறம் கலக்காமலே ஓடும். நகர மன்றக் கட்டடத்துச் சுவரில் பழைய வெள்ளம் ஏறின உயரத்தை எல்லாம் கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர், 1501க்குப் பிறகு அவ்வளவு வந்ததில்லை. உங்கள் அப்பா அந்தச் சுவரை விட்டு நகரமாட்டார், நான் எழுதித் தருகிறேன்.

இப்போது யாரும் சொல்லாத விஷயம். ஆற்றுக் கப்பல் என்று பெயர், ஆனால் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஓடும், பகலில் ஊரில் கட்டிப்போட்டிருக்கும். நீங்கள் ஆற்றைப் பார்க்கவேண்டும் என்றால் பயணத் திட்டத்தில் ஆஸ்திரியாவின் வாகாவ் பள்ளத்தாக்கைப் பகலில் கடக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். மெல்க் தொடங்கி கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், நடுவே டூர்ன்ஷ்டைனில் நீலக் கோபுரம் வைத்த மடாலயம், அதற்கு மேலே மலையில் இடிந்த கோட்டை. சிலுவைப்போருக்குப் போய்த் திரும்பின இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192 கடைசியில் பிடித்து அடைத்துவைத்தது அங்கேதான். அந்த இரண்டு மூன்று மணி நேரம் மாமியார் மேல்தளத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, காப்பியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதே இடத்தைத் தூங்கும்போது கடந்துவிடுகிற கப்பலும் இருக்கிறது, அதற்குக் கொடுக்கிற காசு வீண்.

சாப்பாடு: பதிவு செய்யும்போதே சைவம், முட்டை இல்லை, மீனும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். மீனைச் சைவத்தில் சேர்க்கிற ஆட்கள் உண்டு. ஏறின அன்றே உணவறை மேலாளரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள். சூப்பில் ஜாக்கிரதை. ஆஸ்திரியாவில் ஃபிரிட்டாட்டன் சூப் என்று ஒன்று, தோசையை நூலாக நறுக்கிப் போட்ட மாதிரி பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் அந்த நீர் மாட்டெலும்பு கொதித்தது, அந்தத் தோசையிலும் முட்டை உண்டு. இனிப்புகளிலும் முட்டை ஒளிந்திருக்கும், ஆப்ரிகாட்டை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை மாதிரி செய்வார்கள், அதன் மாவில்கூட. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சோறு கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

பவானிக்கரை:

ரொம்ப நன்றி அக்கா, சூப் விஷயம் அம்மாவிடம் சொன்னேன், இப்போதே முகம் சுளிக்கிறார். முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன், கப்பலுக்குள் லிஃப்ட் இருக்குமாமே?

லின்ஸ் மருமகள்:

இருக்கும், ஆனால் பல கப்பல்களில் லிஃப்ட் மேல் இரண்டு அடுக்குக்கு நடுவே மட்டும்தான், அடித்தட்டு அறைக்கும் மொட்டைத்தளத்துக்கும் படிதான். அதனால் விலை குறைவு என்று அடித்தட்டில் போடாதீர்கள், அங்கே ஜன்னலும் திறக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். இன்னொன்று, படகுத்துறையில் இடம் போதாமல் இரண்டு மூன்று கப்பலைப் பக்கம் பக்கமாக ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்கு வர அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாக நடக்கவேண்டும், சில சமயம் அதன் மொட்டைத்தளத்தில் ஏறி இறங்கவேண்டும். காலையில் திரையை விலக்கினால் எதிர்க் கப்பலில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். காசு கொடுத்து வாங்கின பால்கனிக்கு அன்றைக்கு அதுதான் காட்சி.

டூர்ன்ஷ்டைன் தெருவெல்லாம் கருங்கல் பாவியது, கோட்டைக்கு ஏறுவதை அப்பா நினைக்கவே வேண்டாம். மெல்க் மடாலயம் மேட்டில் இருக்கிறது, ஆனால் கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போனால் பஸ் மேலே வரை போகும். வியன்னாவில் கப்பல் பெரும்பாலும் ரைஷ்ஸ்ப்ரூக்கெ பாலத்தருகே நிற்கும், அங்கிருந்து ஃபோர்கார்டன்ஷ்ட்ராஸெ நிலையம் நடக்கிற தூரம், யு1 மெட்ரோவில் நாலாவது நிறுத்தம் ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், ஊரின் நடு மையம். அதற்கு எதற்குக் கப்பல்காரனுக்குத் தனியாகப் பணம்?

ரயில் பைத்தியம்:

நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஏழு நாள் மூன்று பேருக்குக் கப்பலுக்குக் கொடுக்கிற பணத்தில் வியன்னாவில் ஒரு சமையலறை வைத்த வீடு எடுத்துத் தங்கினால் அம்மா சாம்பாரே வைத்துக்கொள்வார். மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்குப் பகல் படகு கோடைக்காலத்தில் தினமும் ஓடுகிறது, ஆற்றோடு போனால் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும், எதிர்த்து வந்தால் மூன்று மணிவரை ஆகும். போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் ரயில் இருக்கிறது. பிராட்டிஸ்லாவாவுக்கு வியன்னாவிலிருந்து விரைவுப் படகில் 75 நிமிடம். புடாபெஸ்ட்டுக்கு ரயில் இரண்டரை மணி நேரம். அதாவது ஆற்றில் பார்க்கவேண்டியதைப் பகலில் பார்த்துவிட்டு ராத்திரி ஆடாத கட்டிலில் தூங்கலாம். கப்பலில் ஏழு நாளும் அதே 150 முகம், அதுவும் ஜெர்மன் கப்பல் என்றால் அறிவிப்பு எல்லாம் ஜெர்மனில், அப்பா யாரோடு பேசுவார்?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ராத்திரி புடாபெஸ்ட் நாடாளுமன்றம் விளக்கு போட்டிருக்கும்போது ஆற்றின் நடுவிலிருந்து பார்ப்பது, அது கரையிலிருந்து வராது. ஆனால் அதற்கும் ஒரு மணி நேரப் படகு இருக்கிறது.

நெல்லை ஊர்சுற்றி:

தம்பி, நான் பட்டதைச் சொல்கிறேன். 2018 அக்டோபரில் நூரம்பெர்க்கிலிருந்து புடாபெஸ்ட்டுக்குப் பதிவு செய்தோம். அந்த வருடம் மழையே இல்லை, ஜெர்மனியில் ஷ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபெனுக்கும் நடுவே அணை இல்லாத பகுதி, ஆழம் இல்லாமல் கப்பல் போகமுடியவில்லை. இரண்டு நாள் கப்பலை நிற்கவைத்தே எங்களை பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக்காட்டினார்கள், மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டச் சொல்லி பாஸாவில் நின்ற இன்னொரு கப்பலுக்கு மாற்றினார்கள். பஸ் வேண்டாம் என்றுதானே கப்பலுக்கே வந்தோம்! பணம் திரும்பக் கேட்டால் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தைக் காட்டினார்கள், தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும் பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று நாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

கூடினாலும் பிரச்சினைதான், பாலத்தடியில் கப்பல் நுழையாது. 2024 செப்டம்பர் நடுவில் ஆஸ்திரியாவில் வெள்ளம் வந்து டான்யூபில் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவைத்தார்கள். அதனால் நீங்கள் சொன்ன மாதிரி பாஸாவிலிருந்தே ஏறுங்கள், அந்த ஆழமில்லாத பகுதி அதற்கு மேற்கே போய்விடும். மே, ஜூன் நல்லது. செப்டம்பரும் அழகுதான், ஆனால் கோடை காய்ந்திருந்தால் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

விசா: ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா (பிராட்டிஸ்லாவா), ஹங்கேரி (புடாபெஸ்ட்) நாலு நாடுமே ஷெங்கன் கூட்டத்தில் இருக்கிறது, ஒரே விசா போதும். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குப் போடவேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. கப்பல் கணக்கில் குழப்பம் வரும் என்பதால் வியன்னாவில் இறங்கி அங்கே மூன்று இரவு தங்கிவிடுங்கள், ஆஸ்திரியா என்று தெளிவாகிவிடும், அங்கிருந்து பாஸாவுக்கு நேர் ரயில் மூன்று மணிக்குள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். புடாபெஸ்ட்டைத் தாண்டி செர்பியா வரை போகிற கப்பல் எடுத்தால் மட்டும் ஷெங்கனை விட்டு வெளியே போய் உள்ளே வருவீர்கள், ஒருமுறை நுழைவு விசாவோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ரயில் பைத்தியம் சொன்னதையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். செலவு குறைவு என்று அம்மா அந்தப் பக்கம் சாய்ந்தார். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார், வழியில் அணை இருக்கிறது என்றால் கப்பல் எப்படி இறங்கும், பம்பு வைத்துத் தண்ணீரை இறைப்பார்களா என்று. எனக்குத் தெரியவில்லை.

லின்ஸ் மருமகள்:

பம்பே கிடையாது. பாஸாவிலிருந்து வியன்னா வரை பத்து நீர்மின் அணை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கப்பலுக்கு லாக் என்று ஒரு கான்கிரீட் தொட்டி, பெரும்பாலும் 230 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். கப்பல் உள்ளே போனதும் பின் கதவை மூடுவார்கள், வாய்க்காலைத் திறந்தால் தண்ணீர் தானாகவே கீழ் ஆற்றுக்கு வடிந்துவிடும், கப்பலும் கூடவே பத்து மீட்டர், சில இடத்தில் அதற்கு மேலும் இறங்கும், பிறகு முன் கதவு திறக்கும். திரும்பி வரும்போது மேல் ஆற்றுத் தண்ணீரை விட்டு நிரப்பித் தூக்குவார்கள். பாஸாவ் தாண்டி முதலில் வருவது யோகன்ஷ்டைன், 1956ல் கட்டி முடித்தது. நிறைய லாக் ராத்திரியில்தான் வரும், அப்பாவிடம் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேல்தளத்தைச் சில சமயம் ராத்திரி பூட்டிவிடுவார்கள், அப்போது முன்பக்கக் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் கதவு திறப்பது நேராகவே தெரியும்.

பவானிக்கரை:

அப்பா ஸ்வெட்டர் எங்கே என்று பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.