ரோந்துக் கப்பலுக்கா, ஆளில்லாப் படகுக்கா: பணம் எதில் போக வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை_லேத்:
வணக்கம்ங்க. 2019-ல் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியபோது சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு நம்ம சேலத்தையும் சேர்த்து ஐந்து ஊர் என்றார்கள். அந்தச் செய்தியை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டியவன் நான். என்னிடம் இரண்டு சி.என்.சி. மெஷின், நான்கு பழைய லேத் இருக்கு. கப்பல் வேலை என்று இதுவரை வந்தது ஒரே ஒரு மாதிரித் துண்டுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். பெரிய போர்க்கப்பல்களுக்குப் போகும் பணத்தில் நல்ல பங்கை ஆளில்லாப் படகுகளுக்குத் திருப்ப வேண்டும். 2024 ஜனவரி 31 இரவு, கிரிமியாவில் ரஷ்யாவின் ‘இவானோவெத்ஸ்’ ஏவுகணைக் கப்பலை உக்ரைனின் ‘மகுரா’ ஆளில்லாப் படகுகள் மூழ்கடித்தன. பிப்ரவரி 14-ல் ‘சேசர் குனிகோவ்’ என்ற தரையிறக்கக் கப்பல் போனது. மார்ச் 5-ல் ‘செர்கேய் கோதோவ்’ ரோந்துக் கப்பல் போனது. அது படையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மகுரா வி5 எவ்வளவு பெரிசு தெரியுங்களா? ஐந்தரை மீட்டர். லீ பஜாரில் நிற்கிற டாடா ஏஸ் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம், அவ்வளவுதான். அதில் கால் டன் அளவுக்கு வெடிமருந்து, ஒரு கேமரா, செயற்கைக்கோள் இணைப்பு. அப்படி ஒரு படகுக்கு வேண்டிய தண்டு, பம்ப், வால்வு, பிராக்கெட் எல்லாம் நம்ம ஊர்ப் பட்டறைகளில் செய்ய முடியும். ஒரு கப்பல் கட்டி முடிக்கிற காலத்தில் நூறு படகு இறக்கலாம்.

ஏற்காடு_பழைய_மாலுமி:
தம்பி, பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்துவிட்டு இப்போது நாகலூர் பக்கம் மிளகும் காபியும் பார்க்கிறேன். உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் மூழ்கடிக்கிற வேலையையும் காவல் காக்கிற வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

‘எம்டன்’ என்ற சொல் இன்னும் நம் வாயில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே அதை முடித்தது ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’. அந்தச் ‘சிட்னி’ அன்று எம்டனை வேட்டையாடக் கிளம்பிய கப்பல் அல்ல. படைவீரர்களை ஏற்றிப்போன கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. தீவின் தந்தி நிலையம் கூப்பிட்டதும் கூட்டத்தை விட்டு விலகிப் போய் அடித்தது. இன்ன எதிரி வருவான் என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் தயாராகப் போகிறதுதான் காவல் கப்பல்.

அதே 2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26-ல் ஏடன் வளைகுடாவில் ‘மார்லின் லுவாண்டா’ என்ற, நாப்தா எனும் பெட்ரோலிய எண்ணெய் ஏற்றிய கப்பல் மேல் ஏவுகணை விழுந்து தீப்பிடித்தது. நம் கடற்படையின் ‘விசாகப்பட்டினம்’ கப்பல் போய் பத்துப் பேரை ஏற்றி அனுப்பி அணைக்க உதவியது. மார்ச் 16-ல் ‘கொல்கத்தா’, இந்தியக் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் தள்ளி ‘ரூயன்’ கப்பலைக் கொள்ளையரிடமிருந்து மீட்டது. 35 பேர் சரண், 17 மாலுமிகள் உயிரோடு. அந்தக் கொள்ளையர் முதலில் செய்தது என்ன? கப்பலிலிருந்து அனுப்பிய டிரோனைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஆளில்லாப் படகு எரிகிற கப்பலில் ஏறிக் குழாய் பிடிக்குமா? கையைத் தூக்கினவனை விலங்கு போட்டுக் கூட்டி வருமா?

செவ்வாய்ப்பேட்டை_லேத்:
ஐயா, நீங்கள் சொன்ன இரண்டும் எனக்கும் பெருமைதான். ஆனால் ‘கோதோவ்’ பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அதுவும் உங்கள் கணக்குப்படி எல்லாவற்றுக்கும் தயாராகப் போன ரோந்துக் கப்பல்தானே?

கன்னங்குறிச்சி_மின்னணு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் கடைசி வருஷத் திட்டமாக நாங்கள் நான்கு பேர் ஒன்றேகால் மீட்டரில் ஆளில்லாப் படகு செய்தோம். மூக்கனேரியில் இறக்கினோம். முதல் நாள் எட்டு நிமிஷம் ஓடியது. ஆகாயத்தாமரை வேர் ஒன்று, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் நீர்த்தாரைப் பம்பின் வாய்க்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. மோட்டார் சூடாகி நின்றது. பரிசல்காரர் ஒருவர் போய் இழுத்து வந்தார். வாயில் வலை போட்டு இரண்டாவது முறை விட்டோம். ‘சிக்னல் அறுந்தால் கிளம்பின இடத்துக்குத் திரும்பு’ என்று எழுதியிருந்தோம். ரிமோட்டை அணைத்துச் சோதித்தோம். திரும்பியது, ஆனால் நேர்கோட்டில். நடுவில் மரம் நட்டு வைத்திருக்கிற மண்திட்டு இருப்பது அதற்குத் தெரியாது. போய் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏரிக்கே இந்தக் கதை. கடலில் எதிரி உட்கார்ந்து ஜி.பி.எஸ்-ஐக் குழப்புவான், இணைப்பை அறுப்பான். ஆனாலும் நான் லேத் அண்ணா பக்கம்தான். இந்தியாவில் 2024 அக்டோபரில் ‘மாதங்கி’ என்ற தானோட்டிப் படகை மும்பையிலிருந்து தூத்துக்குடிக்கு 1,500 கிலோமீட்டர் பயணத்துக்கு அனுப்பினார்கள். தப்புச் செய்து செய்துதான் இது வளரும். செய்யாமல் இருந்தால் வளரவே வளராது.

ஏற்காடு_பழைய_மாலுமி:
‘கோதோவ்’ கேட்டீர்கள். 94 மீட்டர் கப்பல், முன்னால் ஒரு 76 மி.மீ. பீரங்கி, பிறகு இயந்திரத் துப்பாக்கிகள். கடற்கொள்ளையரை விரட்ட அது போதும். இருட்டில் நாலா பக்கமும் அலைக்குள் பதுங்கி வரும் படகுகளுக்குப் போதாது. தாழ்வான படகு ரேடாரில் அலையோடு அலையாகத்தான் தெரியும். கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அப்போது சுழன்று சுடக்கூடிய வேகத் துப்பாக்கி இரு பக்கமும் வேண்டும், வெப்பக் கேமராவோடு. ரோந்துக் கப்பலே கூடாது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டேன். அரைகுறை ஆயுதத்தோடு போர் நடக்கும் கடலுக்கு அனுப்பாதே என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கிட்டத்தில் சுடும் துப்பாக்கியின் அருமைக்கு இன்னொன்று சொல்கிறேன். 2024 ஜனவரி 30-ல் செங்கடலில் அமெரிக்காவின் ‘கிரேவ்லி’ போர்க்கப்பலை நோக்கி ஏமனின் ஹூதி படையினர் விட்ட ஏவுகணை தூரத்தில் பிடிபடவில்லை. ஏறக்குறைய ஒரு மைலுக்குள் வந்த பிறகு 20 மி.மீ. ஃபாலங்ஸ் வேகத் துப்பாக்கிதான் அதை உடைத்தது. ஏவுகணைக்கு 20 லட்சம் டாலர் செலவழிக்கும் கப்பலைக் கடைசியில் காப்பாற்றியது தோட்டா.

வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? போதாது. அதே வருஷம் மார்ச்சில் டென்மார்க்கின் ‘ஐவர் ஹ்யூட்ஃபெல்ட்’ போர்க்கப்பல் செங்கடலில் டிரோன்களைச் சந்தித்தபோது ரேடாரும் ஏவுகணையும் அரை மணி நேரம் ஒன்றோடொன்று ஒத்துழைக்கவில்லை. பீரங்கிக் குண்டுகளில் பல இலக்குக்குப் போகும் முன்பே வெடித்தன. பளபளவென்று இருந்த கப்பல். உள்ளே இணைப்பு சரியில்லை.

ஆளில்லாப் படகுக்கு வருகிறேன். 2022 ஆகஸ்ட் கடைசியில் பாரசீக வளைகுடாவில் ஈரான் கப்பல் ஒன்று அமெரிக்காவின் ‘செயில்டிரோன்’ என்ற ஆளில்லாப் பாய்மரப் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. அதை விடுவிக்க ‘தண்டர்போல்ட்’ என்ற ரோந்துக் கப்பல், மனிதர்கள் உள்ள கப்பல், போக வேண்டியிருந்தது.

சூரமங்கலம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்த ஆயுதப் பேரெல்லாம் தெரியாது. என் பையன் கடற்படையில் மாலுமி. எந்தக் கப்பல் என்று எழுத மாட்டேன்.

ஏற்காட்டு அண்ணா, நீங்க சொன்னதையெல்லாம் இரண்டு முறை படித்தேன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவன் சேர்ந்த புதிதில் ‘குக்ரி’ என்ற நம் போர்க்கப்பல் பற்றிப் படித்தேன். 1971 டிசம்பர் 9, டையூ பக்கத்தில், பாகிஸ்தான் நீர்மூழ்கி அடித்து 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. ஒரு கப்பலுக்கு முன்னால் போய்ப் பார்க்கிற கண்ணும் காதும் மனுஷனுடையதாகவே இருக்கணுமா? ஒரு படகு போகட்டுமே. அது போனால் இரும்புதானே போகும்? மின்னணு தம்பியின் படகு திட்டில் ஏறினதுக்கு யார் வீட்டிலும் யாரும் அழவில்லை.

ஏற்காடு_பழைய_மாலுமி:
தங்கச்சி, உங்கள் கேள்விக்கு நான் தாழ்ந்துதான் பதில் சொல்லணும்.

‘குக்ரி’யில் நடந்தது காது குறைவினால் வந்த சாவு. நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கப் போன கப்பலின் சோனார், அதாவது தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி, பழசு. நீர்மூழ்கிதான் முதலில் கேட்டது. அதனால் சோனார் விஷயத்தில் நீங்கள் சொல்வதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். கப்பலுக்கு முன்னால், எஞ்சின் சத்தத்துக்கு அப்பால், சோனாரை இழுத்துக்கொண்டு ஒரு ஆளில்லாப் படகு போனால் அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் கடற்கண்ணி, தண்ணீருக்குள் பதுக்கி வைக்கும் வெடி. நம் கடைசிக் கண்ணிவாரிக் கப்பல் ‘கோழிக்கோடு’ 2019-ல் ஓய்வு பெற்றது. துறைமுக வாயில் ஒரு கண்ணி கிடந்தால் தேடிப் போக மனிதனை அனுப்புவது பாவம். அங்கே படகு போகட்டும்.

ஆனால் உங்கள் பையன் ஏறியிருக்கும் கப்பலிலிருந்து ஆளைக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தில் படகு வாங்குகிறேன் என்றால் சண்டைக்கு வருவேன். ஒரு தரம் நடுக்கடலில் எஞ்சின் அறையில் கடல்நீர்க் குழாய் விட்டுவிட்டது. ராத்திரி இரண்டு மணி. முழங்கால் அளவுத் தண்ணீரில், விளக்கு போய், சுவரைத் தடவிக்கொண்டு போனோம். ஒருவன் கித்தானைச் சுற்றி அமுக்கிப் பிடித்தான், ஒருவன் மர ஆப்பை வைத்தான், நான் அடித்தேன். மூன்றாவது ஆப்பில் நின்றது. எந்த ஆப்பு எந்தப் பெட்டியில் என்று கைக்குத் தெரியும், அவ்வளவு பயிற்சி. உங்கள் பையன் வீடு திரும்பக் காரணமாக இருக்கப்போவது பக்கத்தில் நிற்கும் அந்த நாலு பேர்.

செவ்வாய்ப்பேட்டை_லேத்:
ஆளைக் குறைக்க நான் எங்கேயும் சொல்லவில்லை ஐயா. அடுத்த கப்பலின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னேன். இரண்டும் வேற.

இன்னொன்று, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கே நம்ம சேலம் இரும்புதான் போனது. அப்படிப்பட்ட ஊர் இது.

இரும்பாலை_ஓய்வு:
தம்பி, ஆசையால் சொல்கிறீர்கள், ஆனால் தவறு. விக்ராந்துக்குப் போன 30,000 டன் சிறப்பு எஃகுத் தகடு செயில் நிறுவனத்தின் பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளிலிருந்து போனது. நம் ஆலை 1981-லிருந்து ஓட்டுவது ஸ்டெயின்லெஸ் எஃகு. கப்பலின் உடம்புக்கு அது போகாது. குழாய், அடுப்படி, வால்வு, பம்ப் இவற்றுக்குத்தான் ஸ்டெயின்லெஸ். அதிலும் கடல் தண்ணீருக்கு 304 ரகம் ஆகாது, மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் வேண்டும். பெருமை பேசுவதென்றால் சரியானதைப் பேசுவோம்.

உங்கள் மாதிரித் துண்டு என்னாச்சு என்று சொல்லவே இல்லையே?

செவ்வாய்ப்பேட்டை_லேத்:
சரிங்க ஐயா, தப்புத்தான், திருத்திக்கொள்கிறேன்.

துண்டு நீர்த்தாரைப் பம்புக்கான ஒரு வளையம். 316 கம்பிதான், சான்றிதழோடு வாங்கினேன். அளவு கச்சிதம். ஏழு மாசம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள், உப்புப்புகைச் சோதனையில் தோல்வி என்று ஒரே வரி. பிரித்துப் பார்த்தால் வளையத்தின் உள்முகத்தில் மிளகு தூவின மாதிரி பழுப்புப் புள்ளி. என்ன குறை என்று சொல்ல ஆள் இல்லை. ஏழு மாசம் என் பணம் முடங்கினது. சின்னப் பட்டறையை இப்படி நடத்தினால் யார் திரும்ப வருவார்கள்?

இரும்பாலை_ஓய்வு:
உள்முகத்தைக் கடைசியில் எதில் தேய்த்தீர்கள்? சாதா இரும்பு தேய்க்கிற அதே சக்கரமா?

செவ்வாய்ப்பேட்டை_லேத்:
ஆமாங்க.

இரும்பாலை_ஓய்வு:
அதுதான். சக்கரத்தில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் 316-இன் மேல் பதிந்துவிட்டது. துருப்பிடித்தது உங்கள் வளையம் அல்ல, அந்தத் துகள். அதன் அடியில் குழி விழத் தொடங்கும். ஸ்டெயின்லெஸுக்குத் தனிச் சக்கரம், தனி பிரஷ், முடிந்ததும் அமிலக் குளியல் போட்டுக் கழுவணும். இதை அவர்கள் ஒரு போனில் சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவர்கள் தவறு.

ஏற்காடு_பழைய_மாலுமி:
இதற்காகவே இந்த இழையைப் படித்தது நல்லதாகப் போயிற்று. நீர்த்தாரை என்றதும் சொல்ல வேண்டும் தம்பி: 2025 ஜூன் 18-ல் விசாகப்பட்டினத்தில் படையில் சேர்ந்த ‘ஆர்ணாலா’, நீர்மூழ்கி வேட்டைக் கப்பல், 77 மீட்டர், ஓடுவது நீர்த்தாரையில். நம் காட்டுப்பள்ளித் தளத்தில் உருவானது. உங்கள் வளையம் ஆளில்லாப் படகுக்கு மட்டும்தான் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நீங்கள் குறைக்கச் சொல்கிற அந்தக் கப்பலுக்கும் அது வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை_லேத்:
அது நியாயம். ஆனால் ஐயா, நான் மாறவில்லை. 2024 ஜூன் 12-ல் ‘டியூட்டர்’ என்ற சரக்குக் கப்பலை ஹூதிகளின் ஆளில்லாப் படகு அடித்து, சில நாளில் அது மூழ்கியது. செங்கடலில் அத்தனை நாட்டுக் காவல் கப்பல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே. அந்தப் படகைச் செய்தவர்களிடம் இருந்தது என் பட்டறையைவிடப் பெரிசாக இருந்திருக்காது. கரையோரக் காவலுக்கு, ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும், நூறு படகு வைக்க இன்றைக்கே தொடங்கலாம்.

ஏற்காடு_பழைய_மாலுமி:
மன்னார் வளைகுடாவில் நூறு படகு. அங்கே ராத்திரி எத்தனை மீனவர் வலை விரித்திருப்பார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? மின்னணு தம்பியின் ஆகாயத்தாமரைக்குப் பதில் நைலான் வலை சுற்றும். அறுபட்ட வலைக்கு அந்த மீனவர் யாரிடம் போய்க் கேட்பார்? எதிரே வருவது கடத்தல்காரனா, விளக்கு அணைந்துபோன நாட்டுப்படகா என்று கூப்பிட்டுக் கேட்க மேல்தளத்தில் தமிழ் தெரிந்த ஒரு ஆள் வேண்டாமா?

சூரமங்கலம்_அம்மா:
அந்த ஆள் என் பையன் என்றால் எனக்குச் சம்மதம் அண்ணா. கண்ணி தேடவும் நீர்மூழ்கி தேடவும் மட்டும் அவனுக்கு முன்னால் படகு போகட்டும்.

கன்னங்குறிச்சி_மின்னணு:
ஏற்காட்டு ஐயா, வலையைக் கேமராவில் பிரித்தறிய வைக்க முடியுமா என்று பார்க்கிறோம். மிதவைக் கட்டைகளின் வரிசை தெரிந்தால் விலகிப் போகச் சொல்லலாம். மூக்கனேரியில் பழைய வலையும் தெர்மாகோல் மிதவையும் கட்டி ராத்திரியில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். லேத் அண்ணா, பம்ப் வாய்க்கு 316-இல் ஒரு வலைத்தட்டு வேண்டும். தனிச் சக்கரத்தில் தேய்த்துக் கொடுங்கள்.