அம்பு இடப்பக்கமே போகிறது, அவசரம்

சோழவந்தான்காரன்:
வணக்கம். புதிதாக ஒரு லாங்போ (நீளமான மரபு வில்) வாங்கியிருக்கிறேன். 15 மீட்டரில் வைக்கோல் அடைத்த சாக்கில் வட்டம் போட்டு விட்டால், எல்லா அம்பும் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குத்துகிறது. சிதறவில்லை, கூட்டமாகத்தான் குத்துகிறது. கோளாறு வில்லிலா, அம்பிலா? ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயில் பக்கம் ஒரு தோப்பில் நண்பர்களோடு போட்டி. சீக்கிரம் சொல்லுங்கள்.

நாண்முறுக்கி:
எத்தனை பவுண்டு வில்? எத்தனை அங்குலம் இழுக்கிறீர்கள்? அம்பு மரமா, கார்பனா? ஸ்பைன் எண் (அம்பு எவ்வளவு வளைகிறது என்ற அளவு), நீளம், முனை எடை? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது தம்பி?

மேலூர் வேங்கை:
பிரேஸ் ஹைட்டைப் பாருங்கள். நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே 7 அங்குலம்கூட இல்லையென்றால், நாணைக் கழற்றி ஏழெட்டு முறுக்குக் கொடுத்து ஏற்றுங்கள். என் வில்லில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

சோழவந்தான்காரன்:
40 பவுண்டு. கார்பன் அம்பு, ஸ்பைன் 700. முனை 100 கிரெயின். கடையில் வந்த நீளம்தான், வெட்டவில்லை.

மூத்தகை:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? பழைய இழைகளைப் படித்துவிட்டு வரலாமே. அம்பு இடப்பக்கம் போனால் விறைப்பு அதிகம். பாலபாடம். முனையில் கனத்தைக் கூட்டுங்கள், 150 போடுங்கள், அம்பு இளகும்.

நாண்முறுக்கி:
ஐயா, எனக்கு இடிக்கிறது. 700 என்றால், 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.700 அங்குலம் வளைகிற அம்பு இது. 40 பவுண்டு வில்லில், வெட்டாத நீளத்தில், விறைப்பாகவா இருக்கும்?

மூத்தகை:
சொன்னதைச் செய்து பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

கடலைக்காடு:
அம்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறகு பிளாஸ்டிக்கா? ஷெல்ஃபில் (வில்லில் அம்பு உட்காரும் திட்டில்) நேரடியாக வைத்து விட்டால், பிளாஸ்டிக் சிறகு வில்லில் தட்டித் திசை மாறும். இறகுதான் மடங்கிக் கொடுக்கும். எங்கள் காட்டில் மயில் இறகு தினமும் கிடக்கிறது, அதை நறுக்கி ஒட்டலாமே?

நாண்முறுக்கி:
தோகை சவசவவென்று இருக்கும், அம்பைச் சுழற்றாது. சிறகில் உள்ள கெட்டி இறகு வேண்டும். ஆனால் மயிலின் சிறகிலிருந்து எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணை. விலக்கு இருப்பது வாலிறகுக்குத்தான். வான்கோழி இறகு வாங்குங்கள், ஒரு அம்புக்கு மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து.

கடலைக்காடு:
மயில் எங்கள் வெள்ளாமையைத் தின்றபோது எந்தச் சட்டமும் வந்து நிற்கவில்லை. கீழே உதிர்ந்ததைப் பொறுக்கினால் குற்றமா?

நாண்முறுக்கி:
உங்கள் நஷ்டம் புரிகிறது அண்ணே. ஆனால் உதிர்ந்ததா பிடுங்கியதா என்று நாளைக்கு யார் நிரூபிப்பது? ஒரு அம்புக்காக வம்பு வேண்டாம்.

சோழவந்தான்காரன்:
150 முனை போட்டேன். இன்னும் அதிகமாக இடப்பக்கம் போகிறது! இப்போது சாக்கின் ஓரத்தில் குத்துகிறது.

தோப்புக்காரி:
தம்பி, நாணை எந்தக் கையால் இழுக்கிறீர்கள்?

சோழவந்தான்காரன்:
இடக்கையால்தான் அக்கா. சோறு மட்டும்தான் வலக்கையில்.

தோப்புக்காரி:
அதுதான். மேலே சொன்ன விறைப்புக் கணக்கு வலக்கைக்காரர்களுக்கு. உங்கள் அம்பு வில்லின் வலப்பக்கம் உட்காருகிறது. உங்களுக்கு விறைப்பான அம்பு வலப்பக்கம் போகும், இளகின அம்பு இடப்பக்கம் போகும். முனையில் கனம் கூட்டியதும் இன்னும் இளகிவிட்டது, அதனால்தான் கூடுதலாகத் தள்ளியது.

100 முனையையே திரும்பப் போடுங்கள். இரண்டு அம்பில் சிறகைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒட்டியிருந்த இடத்தில் அதே எடைக்கு நாடா சுற்றுங்கள். சிறகுள்ளது மூன்று, இல்லாதது இரண்டு என்று மாற்றி மாற்றி விடுங்கள். முதலில் மேல் கீழ் பாருங்கள்: சிறகில்லாதது கீழே குத்தினால் நாணில் நாக் புள்ளி (அம்பின் அடியை மாட்டும் இடம்) உயரம், கொஞ்சம் இறக்குங்கள். அது சரியான பிறகுதான் இட வலம். சிறகில்லாதது இடப்பக்கம் தள்ளினால் அம்பை வெட்ட வேண்டும், ஒரு தடவைக்கு அரை அங்குலம் மட்டும். முழு இழுப்பில் முனை கைக்குள் வந்துவிடக் கூடாது, அந்த அளவுக்கு நீளம் விடுங்கள்.

ஹாக்சா பிளேடு வேண்டாம், கார்பன் நார் பிரிந்துவிடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, சன்னமான கிரைண்டர் வட்டால் வெட்டுங்கள். முகத்தில் மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. ஒவ்வொரு அம்பையும் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். சின்னச் சடசடப்பு கேட்டாலும் அந்த அம்பை ஒடித்துப் போட்டுவிடுங்கள், கையில் பாய்ந்தால் பெரிய காயம்.

மூத்தகை:
இடக்கை என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். அக்கா சொல்வது சரி.

சோழவந்தான்காரன்:
31 அங்குலம் இருந்தது, நான்கு தடவையாக 29க்கு வெட்டினேன். சிறகில்லாதது இப்போது மற்றதிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் குத்துகிறது, வட்டத்துக்குள். நன்றி அக்கா. தோப்புக்குக் கிளம்புகிறேன்.

தோப்புக்காரி:
நல்லது தம்பி. வண்டியில் போகும்போது நாணைக் கழற்றி வையுங்கள், இந்த வெயிலில் நாண் ஏற்றியே கிடந்தால் வில் வளைந்து போகும்.

மேலூர் வேங்கை:
பிரேஸ் ஹைட் எத்தனை வைத்தீர்கள்? அதைச் சொல்லவில்லையே.