யுன்னான் பயணம்: 14 பேர்

திங்கள்

[காலை 5:42] வாசுகி அக்கா: எல்லாரும் எழுந்தாச்சா? பெட்டி மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க. கறிவேப்பிலை, பழம், தயிர், வெண்ணெய் எதுவும் சீனாவுக்குள்ள கொண்டுபோகக் கூடாது, தடைப் பட்டியல்ல இருக்கு. விமானத்துல ஆப்பிள் குடுத்தா அங்கேயே சாப்பிட்டு முடிங்க, கைப்பையில போடாதீங்க. பருப்புப் பொடி பரவாயில்ல. பழம் வெட்டற கத்தி வேணாம், லிஜியாங் ஊருக்குப் போற ரயில்ல ஏறும்போது சோதனையில எடுத்துருவாங்க.

[5:44] கலா அத்தை: கறிவேப்பிலை ஒரு கொத்துதான்

[5:44] வாசுகி அக்கா: வேணாம் அத்தை

[5:45] சரோ சித்தி: லங்காவியிலயும் ஒரு கொத்துதான்

[5:46] முரளி: சித்தி, லங்காவி இப்ப வேணாமே

[5:51] வாசுகி அக்கா: போன் விஷயம், இது முக்கியம். நம்ம ஊர் சிம்முல ரோமிங் டேட்டா இருந்தா வாட்ஸ்அப் ஓடும். ஹோட்டல் வைஃபைக்கு மாறினா வாட்ஸ்அப், கூகுள் ரெண்டுமே திறக்காது. அங்க சிம் வாங்கினாலும் அப்படித்தான். ரோமிங் வாங்காதவங்க இப்பவே வாங்குங்க. அலிபேயில (அங்க காசு கட்டற ஆப்) கார்டைச் சேர்த்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடிச்சிருங்க. அங்க போய் பண்ணினா வங்கியோட ஓடிபி வராம மாட்டிப்பீங்க. ஒரு தடவைக்கு 200 யுவானுக்கு மேல போனா வெளிநாட்டு கார்டுக்கு 3% பிடிப்பாங்க.

[5:53] கலா அத்தை: எனக்கு வைஃபை போதும்

[5:53] தினேஷ்: பாட்டி...

[5:58] அப்பா: கடிகாரம் மாத்தணுமா

[5:58] முரளி: வேணாம்ப்பா, மலேசியாவுக்கும் அங்கயும் ஒரே நேரம்

[11:07] முரளி: நாங்க குன்மிங் இறங்கியாச்சு. வருகை அட்டை ஆளுக்கு ஒண்ணு, ஹோட்டல் முகவரி கேக்குது. அக்கா அனுப்பின முகவரியைப் படமாவே வச்சுக்குங்க. கைரேகை 14ல இருந்து 70 வயசு வரைக்கும்தான். அப்பாவுக்கும் எங்க நிலாவுக்கும் வேண்டாம். இங்க காத்து வறட்சி, சங்கீதாவுக்கு ரேகை மூணு தடவை விழல. ஈரத் துணியில விரலைத் துடைச்சிட்டு வச்சா உடனே எடுத்துக்குது.

[11:10] மதுரை பெரியம்மா: அங்க குளிரா? தம்பி ஸ்வெட்டர் போட்டாரா?

[11:11] முரளி: அவங்க அடுத்த விமானம், இன்னும் வானத்துல இருக்காங்க பெரியம்மா. இங்க 15 டிகிரி, வெயில் சுள்ளுனு இருக்கு

[மதியம் 1:36] தினேஷ்: வெளிய வந்துட்டோம். கறிவேப்பிலை அங்கேயே நின்னுருச்சு

[1:36] சரோ சித்தி: சொன்னேன்ல

[1:52] வாசுகி அக்கா: பஸ் ஏறியாச்சு, 14 பேரும் இருக்கோம். முன் சீட்டு அப்பாவுக்கு. குன்மிங் ஊர் இருக்கறது 1,900 மீட்டர். கேமரன் மலையை விட 400 மீட்டருக்கு மேல உசரம், கொடைக்கானல விட கொஞ்சம் கம்மி. இன்னிக்கு யாரும் ஓடாதீங்க, பெட்டி தூக்காதீங்க, தண்ணி நிறைய குடிங்க. லேசா தலை வலிக்கலாம், தூக்கம் கலையலாம். குழாய்த் தண்ணி குடிக்க வேண்டாம், ரூம்ல கெட்டில் இருக்கும். கடையில தண்ணி கேட்டா வெந்நீர்தான் வரும், அதையே குடிங்க, தொண்டைக்கு நல்லது.

[1:55] முரளி: பிளக்? நம்ம சதுர முள் மூணு சேராது

[1:56] வாசுகி அக்கா: சேராது. அடாப்டர் என்கிட்ட அஞ்சு இருக்கு, ரூமுக்கு ஒண்ணு

[2:40] சரோ சித்தி: கார்த்திகை சோமவாரம் இன்னிக்கு. ராத்திரி எனக்கு என்ன?

[2:43] வாசுகி அக்கா: வழிகாட்டிகிட்ட சொல்லிட்டேன் சித்தி. ராத்திரி மத்தவங்களுக்கு இந்த ஊர் 'பாலம் கடக்கும்' அரிசி நூடுல்ஸ். அந்தச் சூப் கோழி, பன்றி எலும்புல வர்றது, உங்களுக்கு ஆகாது. காய்கறின்னு கேட்டாலும் பன்றிக் கொழுப்புல வதக்குவாங்க, கோழிப் பொடி தூவுவாங்க. மாபோ தோஃபுங்கற காரமான சோயா பன்னீர்லயும் கொத்துக்கறி இருக்கும். 'வோ ச்சி சூ'ன்னா நான் சைவம். அதோட நிறுத்தாம 'பூ யாவ் ஜி ஜிங்'னும் சொல்லுங்க, கோழிப் பொடி வேணாம்னு அர்த்தம். அவங்களால முடியலன்னா நம்ம பொடியும் வெறும் சோறும்.

[2:44] சரோ சித்தி: பொடியே போதும்

[4:20] தினேஷ்: பச்சை ஏரி! தாத்தா கையிலிருந்து கடற்காகம் ரொட்டி எடுத்துருச்சு

[4:21] மதுரை பெரியம்மா: காகமா? வெள்ளையா இருக்கே

[4:25] வாசுகி அக்கா: சைபீரியாவிலிருந்து வர்ற கடற்பறவை பெரியம்மா. 1985லிருந்து குளிர்காலம் முழுக்க இந்த ஊர்லதான். அங்க விக்கிற பறவை ரொட்டி மட்டும் போடணும். எல்லாரும் கை கழுவிட்டு பஸ் ஏறுங்க

[4:26] முரளி: அத்தை எங்க? பதிலே காணோம்

[7:15] முரளி: நிலாவோட கிண்ணத்தைப் பாத்துக்குங்க. மேல கொழுப்பு படிஞ்சு மூடியிருக்கறதால ஆவி வராது, ஆறிப் போன மாதிரி தெரியும், வாய் வெந்துரும். முதல்ல காடை முட்டை, பச்சைக் கறித் துண்டு, அப்புறம் காய், கடைசியில நூடுல்ஸ். மாத்திப் போட்டா சூடு இறங்கி கறி வேகாது.

[7:16] தினேஷ்: நான் மாத்திப் போட்டுட்டேன்

[7:16] முரளி: புதுச் சூப் கேளு, அதைச் சாப்பிடாத

[9:05] வாசுகி அக்கா: நாளைக்கு ஷிலின் கல் காடு, 90 கிலோமீட்டர் இருக்கும். 8 மணிக்கு பஸ். இங்க ஏழரைக்கு மேலதான் விடியுது, இருட்டா இருக்குன்னு தூங்கிராதீங்க. படி நிறைய, பிடிமானம் உள்ள ஷூ போடுங்க.
அடுத்தது லிஜியாங் பக்கத்துல இருக்கற ஜேட் டிராகன் பனிமலை. பெரிய கேபிள் கார் சில நிமிஷத்துல 3,356லிருந்து 4,506 மீட்டருக்கு ஏத்திரும். மேல அழுத்தம் குறைவு, மூச்சுக்கு நம்ம ஊர்ல கிடைக்கற ஆக்சிஜன்ல 60% கூட வராது. ஆக்சிஜன் டப்பா கொஞ்ச நேரம்தான் தாங்கும். தலை சுத்தினா, வாந்தி வந்தா கீழ இறங்கறதுதான் மருந்து. இன்னொரு வழி ஊசிமரப் புல்வெளி, 3,240 மீட்டர், அங்கிருந்தும் சிகரம் தெரியும். டிக்கெட் பாஸ்போர்ட் நம்பர்ல போடணும், இன்னிக்கு ராத்திரியே பேர் வேணும்.

[9:08] முரளி: நாங்க மூணு பேரும் மேல

[9:09] சரோ சித்தி: புல்வெளி

[9:12] அப்பா: நான் மேல

[9:13] வாசுகி அக்கா: அப்பா, பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்க

[9:15] அப்பா: 74 வயசுல பனியைத் தொடாம திரும்பறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்

[9:20] முரளி: அக்கா, அப்பாவோட டாக்டருக்கு இப்பவே மெசேஜ் போடு. அவர் சரின்னா நான் கூடவே நிக்கறேன்

[9:21] வாசுகி அக்கா: போட்டிருக்கேன். அதுவரைக்கும் அப்பா பேரை ரெண்டுலயும் எழுதல

[10:48] தினேஷ்: கலா பாட்டிக்கு என் ஹாட்ஸ்பாட் குடுத்துட்டேன்

[10:49] கலா அத்தை: சாயங்காலத்துலேருந்து அனுப்பறேன், யாரும் பேச மாட்டேங்கறீங்க

[10:49] கலா அத்தை: பச்சைக்கல் (ஜேட்) வளையல் கடைக்கு எப்ப?

[10:50] வாசுகி அக்கா: அத்தை, அதை அப்புறம் பேசுவோம். சான்றிதழ்ல 'ஏ' வகைன்னு இல்லாம எதையும் வாங்காதீங்க. 'பி'ன்னா அமிலத்துல வெளுத்து ரெசின் ஏத்தினது, 'சி'ன்னா சாயம்

[10:51] சரோ சித்தி: லங்காவி முத்து

[10:51] முரளி: சித்தி தூங்குங்க

[10:52] வாசுகி அக்கா: அத்தை, நீங்க மேலயா புல்வெளியா?

[10:55] கலா அத்தை: அண்ணன் எங்கயோ அங்க