மரச்சட்டக வீட்டின் ஆற்றல் சிக்கனம் மரத்தாலா, கட்டும் முறையாலா? உத்தரம், செங்கோணம், சாரல் என்ற மூவரின் உரையாடல்

உத்தரம்:

ஆற்றலைக் குறைவாகச் செலவிடும் வீடு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் மரச்சட்டக முறையையே பரிந்துரைக்கிறேன். செங்கல் சுவரில் வெப்பக்காப்பைத் தனி அடுக்காக ஒட்டித்தான் ஆக வேண்டும். மரச்சட்டகத்தில் சுமை தாங்கும் சட்டங்களுக்கு நடுவிலேயே அது அடங்கிவிடுவதால், சுவரின் கனம் முழுவதும் வெப்பத்தைத் தடுக்கும் வேலையைச் செய்கிறது. கனடாவின் ரெஜைனா நகரில் 1977ஆம் ஆண்டு கட்டிய சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு, ஏறத்தாழ 30 செ.மீ. கனமுள்ள இரட்டை மரச்சுவர்களோடும், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றித் தரும் கருவியோடும் எழுந்தது. கடுங்குளிரில் மரச்சட்டகம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அதுவே சான்று.

செங்கோணம்:

அந்த வீட்டின் பெருமையை நான் மறுக்கவில்லை. அதை மரத்தின் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் நிறைவுற்ற முதல் பாசிவ் ஹவுஸ் (சூடாக்க மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் வீடு), சுண்ணாம்பும் மணலும் சேர்த்துச் செய்த கற்களால் கட்டி, வெளிப்புறம் தடித்த காப்பு போர்த்திய வீடு. ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணிக்கு மிகாத வெப்பத் தேவை, 50 பாஸ்கல் அழுத்தத்தில் இடுக்குகள் வழியே மணிக்கு 0.6 முறைக்கு மிகாத காற்றுமாற்றம் என்று பிறகு வகுத்த அளவுகோல்களில், சுவர் எதனால் ஆனது என்ற கேள்விக்கே இடமில்லை.

மேலும், ஊசியிலை மரத்தின் வெப்பக் கடத்துத்திறன் 0.13 அளவில் இருக்க, சட்டங்களுக்கு நடுவே காப்பாக வைக்கும் பாறைக் கம்பளியினுடையது 0.037 அளவில்தான் இருக்கிறது. எண் கூடினால் வெப்பம் எளிதாகக் கடந்துவிடும். 14 செ.மீ. சுவரில் நிலைச்சட்டங்கள், மூலைகள், சன்னலைச் சுற்றிய சட்டங்கள், மேலும் கீழும் ஓடும் கிடைச்சட்டங்கள் எல்லாம் சேர்ந்து பரப்பில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டால், சுவர் வழியே போகும் வெப்பத்தில் ஏறக்குறைய சரிபாதி அந்தக் கால் பங்கின் வழியாகவே போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உத்தரம்:

கணக்கு சரிதான் ஐயா. ஆனால் அது பழைய பழக்கத்தில் அடிக்கும் சட்டகத்தின் கணக்கு. சட்டங்களை 40 செ.மீ.க்குப் பதிலாக 60 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, மூலைகளில் தேவையற்ற கட்டைகளை நீக்கி, வெளிப்புறம் காப்பாக மரநார்ப் பலகையைத் தொடர்ச்சியாகப் போர்த்தினால், சட்டங்கள் வழியே வெப்பம் கடக்கும் அந்தப் பாலம் பெருமளவு அறுந்துவிடும். கட்டும்போதே செலவாகும் ஆற்றலையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கன மீட்டர் ஊசியிலை மரம், ஏறத்தாழ 800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான கரிமத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. சிமெண்டுச் சூளை அதை வெளியே தள்ளுகிறது.

செங்கோணம்:

என் உண்மையான கவலையே இனிமேல்தான் வருகிறது. சட்டங்களுக்கு நடுவே காப்பைக் கூட்டக் கூட்ட, அதற்கு வெளியே இருக்கும் பலகைக்கு உள்ளிருந்து வரும் வெப்பம் குறைகிறது. குளிர்காலத்தில் அது ஏறக்குறைய வெளிக்காற்றின் குளிருக்கே இறங்கிவிடும். 20 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்று 9 பாகை அளவிலேயே நீராகத் தொடங்கும் என்பதால், அக்காற்று சிறு இடுக்கு வழியாக அந்தப் பலகையை எட்டினாலும் அங்கே நீர் படியும். கசியும் பழைய சுவரில் வீணாகிய வெப்பமே அந்த ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தது. சிக்கனமான சுவர் அந்த மன்னிப்பைத் தருவதில்லை. நியூசிலாந்தில் 1990களில் பதப்படுத்தாத பைன் மரச்சட்டத்தின் மேல், வடிகால் இடைவெளி விடாமல், இறவாரமும் இல்லாமல் பூச்சுச் சுவர் எழுப்பிய வீடுகள் மழைநீர் புகுந்து பெருமளவில் மக்கிப்போயின. அங்கே நீர் வந்த வழி வேறுதான் என்றாலும், உலர வழியில்லாத மரத்தின் முடிவு ஒன்றுதான்.

சாரல்:

கட்டுமானத்தை மேற்பார்வை செய்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இருவரும் அடுக்குகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். தவறு நேர்வதோ அடுக்குகள் சந்திக்கும் இடத்தில். வாசலில் விசிறி பொருத்திக் காற்றை வெளியே இழுத்தபடி, புகைக்குச்சியை மின்செருகிப் பெட்டியின் விளிம்பில் பிடித்தால், நேராக எழ வேண்டிய புகை சட்டென்று அறைக்குள் வளைந்து வீசும். முதல் தளத்தின் விட்டங்கள் வெளிச்சுவரில் வந்து அமரும் விளிம்பில் அது இன்னும் பலமாக அடிக்கும். அங்கே ஒவ்வொரு விட்டத்தைச் சுற்றியும் காற்றுத்தடுப்புப் படலத்தை வெட்டி ஒட்ட வேண்டியிருப்பதால் தச்சர்கள் கம்பளியைத் திணித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கம்பளி காற்றை நிறுத்தாது. சுவரை ஊடுருவி மெல்லப் பரவும் நீராவியைவிட, இப்படிப்பட்ட இடுக்கு வழியே ஓடும் காற்று சுமந்துவரும் ஈரம் பன்மடங்கு அதிகம்.

இதற்காகவே காற்றுத்தடுப்புப் படலத்துக்கு உள்பக்கம் 4 அல்லது 5 செ.மீ. ஆழத்தில் கம்பிகளுக்கென்று தனி இடைவெளி விடச் சொல்கிறேன். மின்பணியாளர் படலத்தைத் தொடவே தேவையிருக்காது.

செங்கோணம்:

நீராவியைத் தடுக்கும் படலத்தை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? வெளியே 32 பாகையும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இடத்தில் குளிர்சாதனம் ஓடும் வீடென்றால், ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். குளிர்நாட்டு வழக்கப்படி உட்புறம் பிளாஸ்டிக் தாளை விரித்தால், அதன் முதுகிலேயே நீர் படியும்.

உத்தரம்:

அப்படிப்பட்ட இடத்தில் நீராவியைத் தடுக்கும் அடுக்கு வெளிப்புறமே இருக்க வேண்டும். இதில் உங்களோடு உடன்படுகிறேன். குளிரும் வெயிலும் மாறிமாறி வரும் இடங்களுக்கு, ஈரம் கூடும்போது தானே திறந்துகொடுக்கும் படலங்கள் இருக்கின்றன. ஆனால் இதைக் காட்டி மரத்தையே விலக்குவதை ஏற்க மாட்டேன். வெளியே போர்த்தும் மரநார்ப் பலகை தனக்குப் பின்னால் இருக்கும் பலகையைச் சூடாக வைத்திருப்பதால், நீங்கள் சொன்ன குளிர்ந்த பலகைச் சிக்கலையும் அதுவே தணிக்கிறது.

சாரல்:

மேல்பூச்சுக்குப் பின்னால் 2 செ.மீ. அளவாவது வடிகால் இடைவெளியும், அதன் அடியிலும் மேலும் திறப்பும் இல்லாவிட்டால் அந்தப் போர்வையும் நனையும். காற்றுச் சோதனையை உட்பலகை அறைவதற்கு முன்பே செய்யுங்கள். பிறகு கண்டுபிடிக்கும் கசிவை அடைக்கச் சுவரை உடைக்க வேண்டிவரும். கம்பளி வைக்குமுன் ஈரமானியை அடிக்கிடைச்சட்டத்தில் குத்திப் பாருங்கள். மழைநீர் தேங்குவது அங்கேதான், நிலைச்சட்டம் உலர்ந்திருந்தாலும் அது நனைந்தே இருக்கும். அளவு 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். நாள் தள்ளிப்போகிறதே என்று ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டாலும் அந்தச் சுவரை மூட விடாதீர்கள்.