"பிரசித்தம் செய்யப்படுகிறது" என்று இன்றும் எழுதலாமா?

வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக்கு முன் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் புதிய வண்ணக்கரைத் தெரிவு செய்யக் கூட்டம் வைக்கிறோம், அறிவித்தலை நான்தான் எழுத வேண்டும். கையில் இருக்கும் பழைய மாதிரி, மடிப்பில் மை மங்கிப்போன தாள், "இத்தால் சகலருக்கும் பிரசித்தம் செய்யப்படுகிறது" என்று தொடங்குகிறது. வாசித்த பிள்ளைகள், பிரசித்தம் என்றால் பேர்போனதுதானே, மாமாங்கத் தீர்த்தம் பிரசித்தம் என்கிற மாதிரி, என்று கேட்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் புகழ், வெளிப்படை இரண்டும் உண்டு. காணி உறுதி எழுதுகிற பிரசித்த நொத்தாரிசு என்ற பதவிப் பெயரில் புகழுக்கு இடமே இல்லை. பழைய வேதாகமத் தமிழிலும் பிரசித்தப்படுத்து என்றால் அறிவிப்பதுதான்.

மாற்றியும் எழுதிப் பார்த்தேன். பிரகடனம் என்றால் ஜனாதிபதி வர்த்தமானியில் போடுகிற அவசரகால நிலைதான் நினைவுக்கு வருகிறது, பறைசாற்றுதல் பெருமை பேசுவதாகப் படுகிறது. பகிரங்க அறிவித்தல், சரி, எல்லாருக்கும் விளங்கும், ஆனால் ஏலத்துக்கும் அதுதான், கோயில் காரியத்துக்கு உரிய மரியாதை அதில் இல்லை. எனக்குப் பழைய சொல்லை விட மனமில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் பலகையில் ஒட்ட வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறையில் கோயில் அறிவித்தல் எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: "பிரசித்தம் செய்யப்படுகிறது" என்று எழுதினால் உங்கள் ஊரில் சனத்துக்கு விளங்குமா?